மழைக்காகப் பார்த்த சூரியன்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன காஞ்சிபுரத்தின் ஓரத்தில், வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. வரலாற்றில் அதற்கு நிலைத்த பெயரோ ஜினகாஞ்சி. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் பெயருக்கு மூவுலகின் நாதர் என்று பொருள். உலகங்கள் எத்தனை, அவற்றின் அளவு என்ன, மேலே சுற்றும் சுடர்கள் எத்தனை என்று கணக்குப் போடுவதைச் சமணர் ஒரு தனித் துறையாகவே வளர்த்தார்கள். அத்துறை நூல்களில் ஒன்று 'லோகவிபாகம்'. சர்வநந்தி என்ற முனிவர் பிராகிருதத்தில் எழுதியது. நமக்குக் கிடைத்திருப்பது சிம்மசூரியின் சமஸ்கிருத வடிவம். நூலின் இறுதியில் ஒரு குறிப்பு வருகிறது: காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, கோள்கள் இன்னின்ன இடங்களில் நிற்கும்போது பாடலிகாவில் எழுதி முடிந்தது. பாடலிகா என்பது கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர். சக 380 என்றால் கி.பி. 458. ஜம்புத்தீவுக்கு இரண்டு சூரியன், இரண்டு சந்திரன் என்று சொல்லும் மரபு அது. அந்த அண்டக் கணக்கை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் முற்காலப் பல்லவரில் யார் எப்போது ஆண்டார் என்று தடுமாறிக்கொண்டிருந்த வரலாற்றாசிரியர்களுக்குக் கால் ஊன்ற ஒரு தேதியைக் கொடுத்தது அந்தக் கடைசிக் குறிப்புதான். முனிவர் பல்லவர் காலவரிசைக்கு உதவ நினைத்து எழுதவில்லை. நாளையும் கோளையும் தவறாமல் குறித்துவைத்தார், அவ்வளவே.

நூலின் உள்ளடக்கத்தைவிட அதன் தேதி நீண்டநாள் உழைத்திருக்கிறது. சூரியனைப் பற்றிய அறிவு அண்மைக் காலத்தில் வளர்ந்த விதத்தைப் பார்த்தால், இதே கதை தமிழ்நாட்டில் இன்னொரு முறை, இன்னும் பெரிய அளவில் நடந்திருப்பது தெரியும். சூரிய ஆய்வு என்றதும் இன்று எல்லோர் நினைவுக்கும் வருபவை விண்கலங்கள். அமெரிக்காவின் பார்க்கர் கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. அருகே பாய்ந்து மீண்டது. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர், சூரியனின் தென் துருவத்தைக் காட்டும் முதல் படங்களை 2025-இல் கொடுத்தது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த இந்தியாவின் ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கி.மீ. தொலைவில் தன் இடம் சேர்ந்தது. இவற்றின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனாலும், சூரியன் வரும் பத்தாண்டில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்வியில் இன்று கிடைத்திருக்கும் தெளிவுக்கு, பழநி மலைத்தொடரில் நூற்றிருபது ஆண்டுகளாக ஒரே வேலையை நாள்தோறும் செய்துவரும் ஓர் ஆய்வகத்தின் பதிவுகள் அவற்றுக்குக் குறையாத காரணம் என்பதே என் கட்சி.

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பெற்றெடுத்தது பசி. 1876 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு நீடித்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சூறையாடியது. மாண்டவர் கணக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. விளைச்சல் போனால் உழவரோடு சேர்ந்து நெசவாளரும் சாய்வார்கள். சோற்றுக்கே வழியில்லாத ஊரில் சேலை வாங்க யார் வருவார்? அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று ஆட்சியாளர்கள் தேடியபோது கவர்ச்சியான ஒரு விடை தயாராக இருந்தது. ஷ்வாபே என்ற ஜெர்மானிய மருந்துக்கடைக்காரர், புதனுக்கும் உள்ளே இன்னொரு கோள் சுற்றுகிறதா என்று தேடி 1826 முதல் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோள் கிடைக்கவில்லை, சூரியப்புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவது கிடைத்தது. (இது பதினோராண்டுச் சுழற்சி என்று பின்னால் துலங்கியது.) இந்தச் சுழற்சியையும் சென்னையின் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வில்லியம் ஹண்டர், புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழை பொய்க்கிறது என்று 1877-இல் எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவரோடு சேர்ந்துகொண்டார். மழையின் சூட்சுமம் சூரியனில் இருக்கிறது என்ற நம்பிக்கை லண்டன் வரை பரவியது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து சென்னை வானாய்வகத்துக்குத் தலைவரான மிச்சி ஸ்மித் மலைகளில் இடம் தேடிக் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார்; 1899-இல் ஆய்வகம் மலையேறியது; 1901-இல் 2,343 மீட்டர் உயரத்தில் வேலை தொடங்கியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணிதத்தில் ஊறியவர். ஊர் ஊராக மழைப் பதிவுகளைத் திரட்டி, சூரியப்புள்ளிகளோடு புள்ளியியல் முறைப்படி ஒப்பிட்டு, 1915-இல் முடிவுகளை வெளியிட்டார். பஞ்சத்தை முன்னறிவிக்கும் அளவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பருவமழையின் திறவுகோலைப் பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடும் 'தென் அலைவில்' அவர் பின்னாளில் கண்டார். அன்றைக்குக் கோடைக்கானல் இருந்தது அவருடைய துறையின் கீழேயே. எந்த வேலைக்காகக் கட்டினார்களோ அந்த வேலை இல்லை என்று தலைவரே நிறுவிவிட்டார். கறாரான ஒரு கணக்கு அதிகாரி அந்த நேரத்தில் கோப்பை எடுத்திருந்தால் ஆய்வகத்தை இழுத்து மூடியிருப்பார். அவர் பக்கம் நியாயமும் இருந்திருக்கும்.

மூடவில்லை. 1904 முதல் வெண்ணொளியிலும், அதே காலந்தொட்டுக் கால்சியம் அணு உமிழும் ஊதா ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைக் கண்ணாடித் தகடுகளிலும் பின்னாளில் படச்சுருளிலும் பிடித்து அடுக்கிக்கொண்டே போனார்கள். இடையில் கண்டுபிடிப்புகளும் வந்தன. சூரியப்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவின் ஹேல் 1908-இல் காட்டியிருந்தார். அங்கே வாயு சுழல்போலச் சுற்றும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. 1909 ஜனவரியில் கோடைக்கானலில் நிறமாலையைப் படித்த ஜான் எவர்ஷெட், வாயு சுற்றாமல் புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வழிந்தோடுவதைக் கண்டார். இன்றும் உலகப் பாடநூல்களில் அது எவர்ஷெட் விளைவு. ஆனாலும் அந்த மலையின் பெரிய சொத்தாக நான் எண்ணுவது இதை அல்ல. பெயர் இல்லாத அன்றாடப் படங்களை. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தத் தொலைநோக்கியின் பக்கத்தில் நின்றிருக்கிறது என்பதிலிருந்தே அந்த வேலையின் தன்மை புரியும். ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. நூறாண்டுப் படங்களைச் சேர்த்தால் சூரியனின் உள்வேலை தெரிகிறது.

அந்த உள்வேலையைக் காஞ்சிபுரத்துக்காரருக்குத் தறியை வைத்துச் சொல்லிவிடலாம். சுழற்சியின் தொடக்கத்தில் சூரியனின் காந்தக் கோடுகள் வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் இடையே, தறியில் கட்டிய பாவுபோல நீளவாக்கில் ஓடுகின்றன. சூரியன் கெட்டிப் பொருளல்ல, கொதிக்கும் வாயு. எனவே உடல் முழுதும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் சுமார் 34 நாள் ஆகிறது. (80 பாகை அகலாங்கு வரை இந்த வேறுபாட்டைத் தொடர்ந்து அளக்க முடிந்ததே கோடைக்கானலின் நூறாண்டுக் கால்சியம் படங்களால்தான்; அவ்வளவு உயர்ந்த அகலாங்கில் சூரியப்புள்ளிகள் தோன்றுவதில்லை.) நடு முந்தி ஓட, ஓரம் பின்தங்க, நீளவாக்கில் இருந்த இழைகள் குறுக்கே இழுபட்டு, சுற்றிச் சுற்றி இறுகுகின்றன. தறியில் பாவு பாவாகவே இருக்கும், ஊடை தனி நூலாக வரும். சூரியனில் பாவே ஊடையாகிவிடுகிறது. இறுகிய இழைகளின் முறுக்கு ஓரளவைத் தாண்டினால் வளையமாகப் பரப்பைக் கிழித்துக்கொண்டு மேலே எழும். அதன் இரு கால்களும் ஊன்றிய இடங்களைத்தான் நாம் சூரியப்புள்ளி இணைகளாகப் பார்க்கிறோம். வளையங்கள் அறுந்து வேறு விதமாக ஒட்டும்போது ஒளியும் வெப்பமும் கோடிக்கணக்கான டன் பொருளும் விண்வெளியில் வீசப்படுகின்றன.

இது பாதிக் கதை. ஊடை எப்படித் திரும்பவும் பாவாகிறது? விடை, புள்ளி இணைகளின் சிறு சாய்வில் இருக்கிறது. அவை நடுக்கோட்டுக்கு இணையாகக் கிடப்பதில்லை. முன்னே செல்வது நடுக்கோட்டுப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். புள்ளிகள் கலையும்போது பின்புள்ளியின் காந்தம் மெல்ல மெல்லத் துருவத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, அங்கே இருந்த பழைய காந்தத்தை அழித்து, எதிர்த் திசையில் புதியதை ஏற்றுகிறது. அடுத்த சுழற்சிக்கான பாவு இதுதான். ஆக, சுழற்சி அடங்கிக் கிடக்கும் நாளில் துருவத்தில் எவ்வளவு காந்தம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த உச்சம் எவ்வளவு பலமாக வரும் என்று சொல்லலாம். இந்தப் படத்தின் அடித்தளத்தை 1960-களில் பாப்காக்கும் லேட்டனும் போட்டார்கள். அந்தச் சாய்வை நீண்ட காலத்துக்கு அளக்க உலகில் இரண்டே பெரிய பதிவுத் தொகுதிகள் இருந்தன: அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஒன்று, 1906 முதல் 1987 வரையிலான கோடைக்கானல் படங்கள் இன்னொன்று. கே.ஆர். சிவராமனும் அமெரிக்கரான ராபர்ட் ஹோவர்டும் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். பலமான சுழற்சிகளில் சாய்வு சற்றுக் குறைகிறது, அதாவது சூரியன் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்ற கருத்து 2010-இல் இந்த அளவுகளிலிருந்துதான் எழுந்தது. அந்தக் கருத்தின் உறுதி பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதிப்பவர்கள் திரும்பத் திரும்பப் போவது அதே படங்களிடம்.

துருவக் காந்தம் வெறும் கோட்பாடு அன்று என்பதற்கு ஒரு சோதனை வாய்த்தது. 24-ஆவது சுழற்சி முந்தியதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலுவாக இருக்கும் என்று 2006-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கணிப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அர்ணப் ராய் சௌத்ரியும் வேறு இருவரும் சேர்ந்து, துருவக் காந்தம் சோர்ந்து கிடப்பதைக் காட்டி, 35 விழுக்காடு பலம் குறைந்த சுழற்சி வரும் என்று எழுதினார்கள். சூரியப்புள்ளி எண்ணில் 23-ஆவது சுழற்சியின் உச்சம் 180. 2014 ஏப்ரலில் வந்த 24-இன் உச்சம் 116. கணக்குப் போட்டால் வீழ்ச்சி 35 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இவ்வளவு துல்லியத்தில் அதிர்ஷ்டத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திசை சரியாக இருந்தது அதிர்ஷ்டம் அல்ல.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. துருவக் காந்தத்தை நேரடியாக, தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியதே 1970-களில். அதாவது நம் கையில் இருப்பவை நான்கைந்து சுழற்சிகள். நான்கைந்து தீபாவளி வியாபாரத்தை வைத்து ஒரு கடையின் நூறாண்டு வரவை எழுதினால் யார் நம்புவார்? இந்தக் குறையைப் போக்கியவை கோடைக்கானலின் கால்சியம் படங்கள். கால்சியத்தின் ஊதா ஒளியில் காந்தம் மிகுந்த இடமெல்லாம் பளிச்சிடும். துருவங்களில் அது மெல்லிய வலைப்பின்னலாகத் தெரியும். படங்கள் இலக்கமுறைக்கு மாற்றப்பட்ட பிறகு, நைனிதாலின் ஆர்யபட்டா ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளிநாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து அந்தப் பின்னலை எண்ணி, நேரடி அளவுகள் இருக்கும் ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, 1904 வரை பின்னோக்கிச் சென்று துருவக் காந்தத்தின் வரலாற்றை 2025-இல் வெளியிட்டார்கள். தகட்டில் படம் பிடித்தவருக்குத் துருவக் காந்தம் என்ற பேச்சே தெரியாது. அவர் மழைக்காகப் பார்த்தார்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை லேசானவை அல்ல. ஒன்று, பழைய படங்களின் தரம். தகட்டின் ரசாயனம் சீராக இல்லை. ஒளி ஏறிய அளவு எழுதிவைக்கப்படவில்லை. மேகம் மறைத்த நாட்கள் ஏராளம். படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதிலேயே குழப்பம். உண்மைதான். அதனால்தான் படங்களை எண்ணாக்கிச் சீர்செய்யவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. மேகத்துக்கு மாற்றாகப் பாரிஸ் அருகேயுள்ள மூடோன் போன்ற பிற ஆய்வகங்களின் பதிவுகள் இருக்கின்றன. ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கும். குறையுள்ள பதிவைத் திருத்தலாம். இல்லாத பதிவை எந்த அறிவியலும் உண்டாக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: மேகமே இல்லாத இடத்தில் ஆதித்யா நிற்கும்போது மலைமேல் பழைய தொலைநோக்கி எதற்கு? ஆதித்யா தன் தகுதியை நிரூபித்துவிட்டது. 2024 பிப்ரவரி 22 அன்று வெடித்த பெரும் கொந்தளிப்பை அதன் சூட் கருவி அண்மைப் புறஊதாவில், அதுவரை யாரும் முழு வட்டமாகப் பார்த்திராத அலைநீளங்களில் படம்பிடித்தது. அதே ஆண்டு மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய காந்தப் புயல், இருபது ஆண்டுகளில் காணாத அளவு பெரியது. லடாக்கின் ஹான்லே வானம்கூடச் சிவந்தது. சூரியனிலிருந்து அடுத்தடுத்துப் புறப்பட்ட பொருள்வீச்சுகள் வழியிலேயே மோதி, அவற்றின் காந்தக் கோடுகள் சுமார் 13 லட்சம் கி.மீ. அகலத்துக்கு அறுந்து மறுபடி ஒட்டியதை, ஆதித்யாவின் காந்தமானியும் அமெரிக்கக் கலங்கள் ஆறும் சேர்ந்து காட்டிக்கொடுத்தன. புயல் ஏன் எதிர்பார்த்ததைவிட உக்கிரமாக இருந்தது என்பதற்கு அது விளக்கம். தரையிலிருந்து இதைக் கண்டிருக்கவே முடியாது. ஆனால் ஒரு புயல் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி, இந்த நூற்றாண்டில் எத்தனை வரும், எவ்வளவு பெரிதாக வரும் என்பது வேறு கேள்வி. பதிவான புயல்களில் மிகப் பெரியது 1859 செப்டம்பரில் வந்தது. அதன் பலத்தை 2003-இல் அறிஞர்கள் கணக்கிட்டது மும்பைக் கொலாபாவில் அன்று காந்த ஊசியைப் பார்த்துக் கையால் எழுதிய ஏட்டிலிருந்து. விண்கலம் நாளைக்கு எச்சரிக்கும். நூறாண்டுக்கு ஒருமுறை வருவதை நூறாண்டு ஏடுதான் சொல்லும்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் நான் அதிகம் தலைவணங்குகிறேன். இவ்வளவு தெரிந்தும் 25-ஆவது சுழற்சியை ஏன் சரியாகக் கணிக்கவில்லை? 2019 டிசம்பரில் சர்வதேச நிபுணர் குழு உச்சம் 115, அது 2025 ஜூலையில் வரும் என்றது. வந்தது 161, அதுவும் 2024 அக்டோபரில். கொல்கத்தா ஐசரின் பிரந்திகா பௌமிக்கும் திபியேந்து நந்தியும் 2018-இல் சொன்ன காலம் (2024-ஐ ஒட்டி) பலித்தது; முந்தியதற்கு ஈடாகவோ சற்று வலுவாகவோ இருக்கும் என்ற திசையும் பலித்தது; அளவு பலிக்கவில்லை, அவர்களும் குறைத்தே சொல்லியிருந்தார்கள். துருவக் காந்தம் ஏமாற்றிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புள்ளி இணைகளின் சாய்வு ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி சிதறும். முரணாகச் சாய்ந்த ஒரே ஒரு பெரிய இணைகூடத் துருவத்தின் கணக்கைக் கலைத்துவிடும். இந்தச் சிதறலின் எல்லை எது, சூரியன் எவ்வளவு தூரம் தற்செயலுக்கு ஆட்படுகிறது என்பதை நான்கைந்து சுழற்சிகளில் அளக்க முடியாது. பன்னிரண்டு சுழற்சிகளின் படம் வேண்டும். கணிப்பு தவறியது நீண்ட பதிவின் தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

சூரியன்தான் பூமியைச் சூடேற்றுகிறது, புகையை ஏன் பழிக்கிறீர்கள் என்று வாதிடுவோர் இந்த இடத்தில் நுழையப் பார்ப்பார்கள். ஒரு சுழற்சிக்குள் சூரியன் தரும் மொத்த ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 24-ஆவது சுழற்சி நூறாண்டுகளில் மிகச் சோர்ந்தது. அதே ஆண்டுகளில் பூமி சூடேறிக்கொண்டேதான் போனது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் வேண்டாம்.

மழையைச் சொல்லாத சூரியனால் இன்று யாருக்கு என்ன லாபம் என்றால், பட்டியலின் மேலே இருப்பது மின்சாரமும் செயற்கைக்கோளும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில், பெரிது என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு புயல் காற்றுமண்டலத்தை உப்பவைத்து, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38-ஐக் கீழே இழுத்து எரித்தது. நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கனடாவின் ஆபத்து நமக்குக் குறைவு. ஆனால் அதே நடுக்கோட்டுக்கு மேலேதான் அயனிமண்டலம் மிகவும் கலங்கும். செல்பேசி வரைபடம் முதல் நடுக்கடலில் படகு இருக்கும் இடம் வரை அந்த மண்டலத்தைக் கடந்துவரும் சிக்னலை நம்பியே இருக்கின்றன. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் கழகத்துக்கு ஓர் ஆய்வகம் இருப்பது அதனால்தான். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் வெளியூர் வாடிக்கையாளரிடம் செல்பேசியில் பணம் வாங்கும் நொடியும் எங்கேனும் ஒரு செயற்கைக்கோளின் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது.

கருத்தோ கருவியோ உடனே பலன் தர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தமிழர் கதையும் உண்டு. சூரியனிலிருந்து இடைவிடாமல் ஒரு காற்று வீசுகிறது என்று யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பிட்டவர்கள் நிராகரிக்கச் சொன்னார்கள். இதழாசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை; ஆனால் கணக்கில் பிழை காணவில்லை என்பதற்காக 1958-இல் அதை வெளியிட்டார். அறுபது ஆண்டு கழித்துச் சூரியனை நோக்கிப் புறப்பட்ட கலத்துக்கு அந்தப் பார்க்கரின் பெயர்தான். தனக்குப் பயன்படாததையும், தான் நம்பாததையும்கூட ஒழுங்காகப் பதிவேட்டில் ஏற்றிவைக்கும் பண்பு கோடைக்கானலின் பண்பும்தான்.

லடாக்கின் மேராக்கில் 2 மீட்டர் விட்டமுள்ள தேசியப் பெரும் சூரியத் தொலைநோக்கி பல ஆண்டுகளாகத் திட்டத்தில் இருக்கிறது. அது எழும்போது கோடைக்கானலின் ஆளும் பணமும் அங்கே போகும் வாய்ப்பு உண்டு. பெரிய கருவி சூரியனின் ஒரு மூலையைக் கூர்ந்து பார்க்கும். முழு வட்டத்தையும் தினமும் பதிவதற்கு அது கட்டப்படுவதில்லை. ஆதித்யா-எல்1-இன் திட்டமிட்ட ஆயுள் ஐந்தாண்டு, 2029 தொடக்கத்தில் முடிகிறது. இந்தச் சுழற்சி அடங்கி, துருவக் காந்தத்தை அளந்தே தீரவேண்டிய காலம் வருவதோ அதற்குப் பிறகு, 2030-ஐ ஒட்டி.